பதினொன்றரை மணிக்குத் திரும்பியவர்கள்

(2015இல், படம் வெளிவரும் முன் எழுதியது.) 1996இல் எவரெஸ்டில் ஏறியவர்கள் புயலில் சிக்கி இறந்த கதையைச் சொல்லும் ‘எவரெஸ்ட்’ படத்தின் டிரெய்லரைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பனிப் பிளவின் குறுக்கே போட்ட ஏணியில் ஒருவர் தடுமாறுகிறார். மலைக்குப் பின்னாலிருந்து புயல் எழுந்து வருகிறது. எங்கோ தூரத்து நாட்டில் ஒரு கர்ப்பிணிப் பெண் போனைக் காதில் வைத்துக்கொண்டு கலங்கி நிற்கிறார். போன வாரம் வீட்டுக்கு வந்திருந்த அக்கா மகனுக்கும் போட்டுக் காட்டினேன். பார்த்து முடித்ததும், “இப்படிப் புயல் வந்தா யாரு மாமா என்ன பண்ண முடியும்?” என்று கேட்டான். டிரெய்லரை மட்டும் பார்த்தவன் வேறு என்ன கேட்பான்? ஆனால் அந்தக் கேள்வி எனக்குள் முள்ளாகத் தைத்து நின்றுவிட்டது. 1996 மே 10 அன்று அந்த மலையில் புயல் முழு வேகத்தில் இறங்கியது மாலையில். அதற்கு முன்னால் வெயிலடித்த ஒரு முழுப் பகல் இருந்தது. எட்டுப் பேரின் சாவு அந்தப் பகலில்தான் முடிவானது என்று பல வருஷமாக நம்பிக்கொண்டிருப்பவன் நான். இந்தப் படம் அந்தப் பகலை எப்படிக் காட்டப்போகிறது என்பதுதான் என் கவலையெல்லாம்.

படத்தின் மீது எனக்கு நம்பிக்கை இல்லாமல் இல்லை. இயக்குநர் பால்டசார் கோர்மாகூர் ஐஸ்லாந்துக்காரர். குளிர்ந்த கடலில் படகு கவிழ்ந்து, ஒருவர் மட்டும் நீந்திக் கரை சேர்ந்த உண்மைக் கதையை ஏற்கெனவே படமாக எடுத்தவர். குளிர் ஒரு மனித உடலை என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியும். அன்று ஏறிய குழுக்களின் தலைவர்களான ராப் ஹாலாக ஜேசன் கிளார்க், ஸ்காட் ஃபிஷராக ஜேக் ஜிலென்ஹால், ஹாலின் வாடிக்கையாளர் பெக் வெதர்ஸாக ஜோஷ் பிரோலின் நடிக்கிறார்கள். நேபாளத்திலும் இத்தாலியின் டோலமைட் மலைகளிலும் போய் எடுத்திருக்கிறார்கள். பெரிய திரையில், முப்பரிமாணத்தில் அந்த உயரத்தைப் பார்க்க எனக்கும் ஆசைதான். ஆனால் திரைக்கென்று ஒரு குணம் இருக்கிறது. காற்றையும் பனியையும் அது அற்புதமாகக் காட்டிவிடும். ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்ச நேரம்தானே என்று நினைக்கும் அந்த நொடியை எப்படிக் காட்டுவது?

எவரெஸ்ட் யாரிடமும் கேட்காமல் கொன்ற நாள்களும் உண்டு. 2014 ஏப்ரல் 18 அன்று கும்பு பனியருவியில் ஒரு பெரும் பனிப்பாளம் இடிந்து விழுந்து 16 நேபாளத் தொழிலாளர்கள் இறந்தார்கள். மற்றவர்களின் பயணத்துக்காகச் சுமை தூக்கிப் போனவர்கள் அவர்கள். 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்தில் சரிந்த பனி, அடிவார முகாமான பேஸ் கேம்பையே வாரிக்கொண்டு போனது. அங்கெல்லாம் ‘யார் என்ன செய்திருக்க முடியும்’ என்று கேட்பதில் அர்த்தம் இருக்கிறது. 1996 அப்படிப்பட்டதல்ல. அதனால்தான் இத்தனை வருஷம் கழித்தும் அதைப் பற்றி மனம் ஆறவில்லை.

சிலிண்டர் கணக்கு

நடந்ததை முழுக்கத் திரும்பச் சொல்லப்போவதில்லை. ராப் ஹாலின் ‘அட்வெஞ்சர் கன்சல்டன்ட்ஸ்’, ஸ்காட் ஃபிஷரின் ‘மவுண்டன் மேட்னஸ்’, இரண்டுமே பணம் வாங்கிக்கொண்டு ஆட்களை எவரெஸ்டுக்கு அழைத்துப்போன நிறுவனங்கள். ஹாலின் கட்டணம் தலைக்கு 65,000 டாலர். இரண்டு குழுக்களும் ஒரு தைவான் குழுவும் ஒரே இரவில், உச்சிக்கு முந்தைய கடைசி முகாமான சவுத் கோலிலிருந்து கிளம்பின. முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் ஒரே கயிற்று வரிசையில். இதெல்லாம் இதைப் படிக்கும் பலருக்கும் தெரிந்திருக்கும். நான் நின்று பார்க்க விரும்புவது ஆக்சிஜன் கணக்கை.

உச்சிக்குக் கிளம்பும் ஒவ்வொருவருக்கும் மூன்று சிலிண்டர். நிமிடத்துக்கு 2 லிட்டர் வீதம் திறந்து வைத்தால் ஒன்று ஐந்து, ஆறு மணி நேரம் வரும். நள்ளிரவு வாக்கில் கிளம்பினால் மறுநாள் மாலை 4, 5 மணிக்கு எல்லாம் தீர்ந்துவிடும். அதற்குள் இறங்கி, 7,900 மீட்டர் உயரத்திலிருக்கும் கூடாரத்துக்குப் பக்கத்திலாவது வந்துவிட வேண்டும். மதியம் ஒரு மணி, போனால் போகிறது இரண்டு மணி, அதற்குள் உச்சியைத் தொடாதவர் எங்கே நிற்கிறாரோ அங்கிருந்தே திரும்பிவிட வேண்டும் என்ற விதி இந்தக் கணக்கிலிருந்து வந்ததுதான். புயல் வருமா வராதா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. வானம் தெளிவாக இருந்தாலும் இரண்டு மணி இரண்டு மணிதான். ஒன்றா இரண்டா என்பதை மட்டும் ஹால் அன்றைக்கு அறுதியிட்டுச் சொல்லவில்லை. அந்த ஒரு மணி நேர இடைவெளியை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

அப்புறம் கயிறு. இரண்டு குழுக்களின் தலைமை ஷெர்பாக்களான ஆங் தோர்ஜேயும் லோப்சாங் ஜங்புவும் மற்றவர்களுக்கு முன்பே கிளம்பி, கடினமான இடங்களில் கயிறு கட்டி வைப்பதாக ஏற்பாடு. அது நடக்கவில்லை. லோப்சாங் ஒரு வாடிக்கையாளரைத் தன்னோடு கயிற்றில் பிணைத்து இழுத்துக்கொண்டு வந்தார். அவருக்கே உடம்பு சரியில்லை. மேலே வந்த வரிசை கயிறு இல்லாத இடங்களில் நின்றது. மைனஸ் குளிரில், ஆக்சிஜன் ஓடிக்கொண்டிருக்க, சும்மா நின்றது. உச்சிக்குச் சற்று முன்னால் வரும் சிறு சிகரமான சவுத் சம்மிட்டிலும், அதைத் தாண்டி வரும் செங்குத்துப் பாறையான ஹிலரி ஸ்டெப்பின் அடியிலும் போன நேரத்தை யாராலும் திருப்பித் தர முடியாது. முதல் ஆட்கள் உச்சியைத் தொட்டபோதே மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. ஸ்காட் ஃபிஷர் தொட்டபோது மூன்றரைக்கும் மேல்.

புயலுக்கும் நியாயம் செய்துவிட வேண்டும். டொராண்டோ பல்கலைக்கழகத்தின் கென்ட் மூர் என்ற வானிலை ஆய்வாளர், அந்தப் புயலோடு காற்றழுத்தமும் இறங்கியதால் மூச்சுக்குக் கிடைத்த ஆக்சிஜன் இன்னும் குறைந்திருக்கும் என்று காட்டியிருக்கிறார். ஏற்கெனவே கடல் மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்குதான் அங்கே. ஹால் குழுவின் ஆண்டி ஹாரிஸ் என்ற அனுபவமுள்ள வழிகாட்டி, சவுத் சம்மிட்டில் நிறைந்திருந்த சிலிண்டர்களைக் கையில் வைத்துக்கொண்டே எல்லாம் காலி என்று ரேடியோவில் சொல்லிக்கொண்டிருந்தார். மூளை அந்த நிலையில் இருந்தது. புயல் கொன்றது, சரி. ஆனால் அந்த நேரத்தில் அங்கே இருந்தவர்களைத்தான் அது கொல்ல முடிந்தது.

வரிசையிலிருந்து விலகிய மூவர்

சவுத் சம்மிட்டுக்குக் கீழே, காலை பதினொன்றரை மணி. வானம் நன்றாகத்தான் இருக்கிறது. ஹாலின் குழுவில் மூன்று பேர் வரிசையின் பின்பகுதியில் சிக்கிக்கொண்டிருக்கிறார்கள். கனடாவைச் சேர்ந்த இதய மருத்துவர் ஸ்டூவர்ட் ஹட்சிசன், ஆஸ்திரேலிய மயக்கவியல் மருத்துவர் ஜான் டாஸ்க், அமெரிக்க வழக்கறிஞர் லூ கசிஷ்கி. ஹட்சிசன் ஹாலிடம் போய், உச்சிக்கு இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்கிறார். ஏறக்குறைய மூன்று மணி நேரம் என்கிறார் ஹால்.

பதினொன்றரையும் மூன்றும் இரண்டரை. ஒன்று இல்லை, இரண்டுகூட இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளை போடும் கூட்டல். அந்த உயரத்தில், இரவு முழுக்க நடந்த களைப்பில், உச்சி இதோ மேலே இருக்கிறது என்னும்போது, அந்தக் கூட்டலைப் போட்டு அதன் விடைக்குக் கட்டுப்படுவது எவ்வளவு பெரிய காரியம் என்று யோசித்துப் பாருங்கள். மூவரும் வாரக்கணக்கில் பனியில் கிடந்து உடம்பைப் பழக்கியவர்கள். டாஸ்கும் கசிஷ்கியும் ஐம்பதைத் தாண்டியவர்கள். இன்னொரு வாய்ப்பு வருமா என்பது அவர்களுக்கே சந்தேகம். மற்றவர்கள் எல்லாரும் மேலே போய்க்கொண்டிருக்கிறார்கள், தலைவரும் போகிறார், தலைவர் யாரையும் திரும்பச் சொல்லவில்லை. மூவரும் பேசிக்கொண்டார்கள். கூட இரண்டு ஷெர்பாக்களோடு திரும்பி இறங்கத் தொடங்கினார்கள்.

அவ்வளவுதான். இசை எழும்ப வேண்டிய இடம் எதுவும் இல்லை. அந்த நேரத்தில் அவர்கள் செய்தது சரியா என்று அவர்களுக்கே தெரிந்திருக்க வாய்ப்பில்லை. புயல் வராமல் போயிருந்தால், அன்று மாலை எல்லாரும் சிரித்துக்கொண்டே இறங்கி வந்திருந்தால், இவர்கள் மூவரும் வாழ்நாள் முழுக்க, அவசரப்பட்டுவிட்டோமோ என்று நினைத்துக்கொண்டிருந்திருப்பார்கள். அப்படி நினைக்க நேர்ந்திருந்தாலும் அவர்களுடைய முடிவு சரியானதுதான் என்பது என் கட்சி. விளைவை வைத்து இந்த முடிவை எடைபோடக் கூடாது.

ஹாலின் குழுவில் வாடிக்கையாளர்கள் மொத்தம் எட்டுப் பேர். ஹாங்காங்கிலிருந்து வந்த ஃபிராங்க் ஃபிஷ்பெக் இன்னும் முன்னாலேயே திரும்பிவிட்டார். ஆக நால்வர் தாமாகத் திரும்பினார்கள், நால்வரும் பத்திரமாக முகாம் சேர்ந்தார்கள். உச்சியைத் தொட்டவர்கள் மூவர். பிறகு இதைப் புத்தகமாக எழுதிய பத்திரிகையாளர் ஜான் கிராக்கவர், யாசுகோ நம்பா, டக் ஹான்சன். அதில் கிராக்கவர் மட்டுமே வீடு திரும்பினார். எட்டாமவர் பெக் வெதர்ஸ், அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். ஃபிஷர் குழுவின் வாடிக்கையாளர்கள் அனைவரும் பிழைத்தார்களே என்று நீங்கள் கேட்கலாம். பிழைத்தார்கள். அவர்களில் மூவர் பிழைத்தது ஃபிஷரின் வழிகாட்டி அனடோலி புக்ரீவ் நள்ளிரவில் தனியாளாகப் புயலுக்குள் போய் இழுத்துக்கொண்டு வந்ததால். கணக்கு சரியாக இருந்ததால் அல்ல.

அன்றிரவு இன்னொன்றும் நடந்தது. உச்சி தொட்டு வந்தவர்கள் கூடாரத்தில் எழுந்து உட்காரக்கூடத் திராணியில்லாமல் விழுந்து கிடந்தபோது, ஹட்சிசன் திரும்பத் திரும்ப வெளியே போனார். கூடாரத்திலிருந்து சில அடி தள்ளிப் போனாலே வழி தெரியாமல் போய்விடும் காற்று. விளக்கைக் காட்டினார், பாத்திரத்தைத் தட்டினார், காணாமல் போனவர்கள் யாராவது சத்தம் கேட்டு வரமாட்டார்களா என்று. அவருக்கு அந்தத் தெம்பு மிச்சமிருந்தது, காலையில் திரும்பியதால். மறுநாள் காலை யாசுகோ நம்பாவையும் பெக் வெதர்ஸையும் பனிக்குள் கண்டுபிடித்ததும் அவர்தான். இருவருக்கும் மூச்சு இருந்தது, பிழைக்க வைக்க வழியில்லை என்று விட்டுவிட்டு வர வேண்டிய கொடுமையும் அவர் தலையில்தான் விழுந்தது. டிரெய்லரில் இந்த ஆளின் முகத்தைத் தேடினேன். கண்டுபிடிக்க முடியவில்லை.

ஹாலுக்குத் தெரியாததா?

ராப் ஹாலைப் பேராசைக்காரர் என்று எழுதிவிடுவது சுலபம். பத்திரிகையாளர் ஒருவர் குழுவில் இருந்தார், போட்டி நிறுவனம் பக்கத்தில் இருந்தது, முந்தைய வருஷம் வாடிக்கையாளர் ஒருவர்கூட உச்சியைத் தொடவில்லை, ஆகவே இந்தத் தடவை எப்படியாவது என்று நினைத்துவிட்டார் என்பார்கள். ஹார்வர்டு வணிகப் பள்ளியில் இது பாடமாகவே இருக்கிறது. ஏற்கெனவே போட்டதை இழக்க மனமில்லாமல் மேலும் மேலும் போடும் மனநிலை பற்றி அங்கே விவாதிக்கிறார்கள். அதில் உண்மை இருக்கலாம். ஆனால் எனக்கு அது போதவில்லை.

அதே மே மாதம் 3ஆம் தேதி கோரன் குரோப் என்ற ஸ்வீடன்காரர், தன் நாட்டிலிருந்து சைக்கிள் மிதித்தே நேபாளம் வந்தவர், ஆக்சிஜன் இல்லாமல் தனியாக ஏறினார். உச்சிக்கு நூறு மீட்டர் சொச்சம் இருக்கையில் மதியம் இரண்டு மணியாகிவிட்டது என்று திரும்பி வந்துவிட்டார். பேஸ் கேம்பில் இதைக் கேட்ட ஹால் அசந்துபோய்ப் பாராட்டினார் என்று கிராக்கவர் எழுதியிருக்கிறார். பிடிவாதம் இருந்தால் எந்த முட்டாளும் ஏறிவிடலாம், உயிரோடு கீழே இறங்குவதில்தான் சாமர்த்தியம் என்ற பொருளில் ஹால் பேசியிருக்கிறார். அதற்குப் பிறகு ஒரே வாரம். அதே மனிதர், அதே மலை. (குரோப் அந்த மாதமே மறுபடி ஏறி உச்சியைத் தொட்டார் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.)

ஹாலுக்கு எல்லாம் தெரியும். 1995இல் சவுத் சம்மிட் வரை வந்தவர்களை, மணியாகிவிட்டது என்று ஈவிரக்கமில்லாமல் திருப்பி அனுப்பியவர் அவர். அப்படித் திருப்பப்பட்டவர்களில் ஒருவர் டக் ஹான்சன். வாஷிங்டன் மாநிலத்துத் தபால் ஊழியர். இரவில் தபால் வேலை, பகலில் கட்டட வேலை என்று உழைத்துக் காசு சேர்த்தவர். ஊர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் டி-ஷர்ட் விற்று அவருக்குப் பணம் திரட்டிக் கொடுத்தார்கள். ஹால் அவரைத் திரும்பத் திரும்பப் போனில் அழைத்து, கட்டணத்தையும் குறைத்து, இன்னொரு தடவை வா என்று கூப்பிட்டார். வந்தார். மே 10 அதிகாலையில் ஹான்சன் வரிசையிலிருந்து விலகி, குளிர்கிறது, உடம்பு சரியில்லை, இறங்கிப் போகிறேன் என்றார். பின்னாலிருந்து ஹால் வந்து சேர்ந்தார். இருவரும் என்னவோ பேசினார்கள். ஹான்சன் மறுபடி வரிசையில் சேர்ந்துகொண்டார். அந்தப் பேச்சைக் கேட்டவர்கள் யாரும் இல்லை, பேசியவர்கள் இருவரும் இல்லை.

ஹால் உச்சியில் நின்று காத்திருந்தார். இரண்டு மணி தாண்டியது, மூன்று தாண்டியது. ஹான்சன் வந்து சேர்ந்தபோது மணி நான்கு. ஹால் விதியை மீறியது ஒரு மனிதர் மீதிருந்த பிரியத்தால் என்றுதான் நான் நினைக்கிறேன். போன வருஷம் நான் இவனை ஏமாற்றினேன், இந்த வருஷமும் எப்படி அனுப்புவேன் என்ற நல்ல மனம். அந்த நல்ல மனம்தான் இருவரையும், அவர்களுக்கு உதவ மேலே திரும்பிப் போன ஆண்டி ஹாரிஸையும் சேர்த்துக் கொன்றது. மறுநாள் மாலை, சாட்டிலைட் போனையும் ரேடியோவையும் இணைத்து, ஹால் தன் மனைவி ஜான் ஆர்னால்டோடு பேசினார். அவர் மருத்துவர், 1993இல் கணவரோடு அதே உச்சியைத் தொட்டவர். அந்த உயரத்தில் நகர முடியாமல் இருப்பதென்றால் என்ன என்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. இந்தக் காட்சி படத்தில் கண்டிப்பாக இருக்கும், நானும் கண்டிப்பாக அழுவேன். நான் கேட்பதெல்லாம், முதல் நாள் நான்கு மணிக்கு ஹான்சன் வந்து சேரும்போது ஹாலின் முகத்தையும் இதே அளவு நேரம் காட்டுங்கள் என்பதுதான்.

திரும்புவது எவ்வளவு கசக்கும் என்று எனக்கும் கொஞ்சம் தெரியும். எவரெஸ்டோடு ஒப்பிடக்கூட முடியாத சிறிய விஷயம்தான். உத்தராகண்டில் ரூப்குண்ட் ஏரிக்குப் போயிருந்தோம். கடைசி முகாமான பகுவாபாசாவிலிருந்து இருட்டிலேயே கிளம்ப வேண்டும், வெயில் ஏறினால் பனி இளகிக் கால் நிற்காது. எங்கள் குழு கிளம்பியதே தாமதம். கடைசி ஏற்றத்துக்கு முன்னால் வழிகாட்டி நின்று, பனிக்கோடரியின் கம்பைச் சரிவில் குத்திப் பார்த்தார். கைப்பிடி வரை உள்ளே போனது. இன்னும் இரண்டு இடத்தில் குத்தினார். அப்புறம் எங்களைத் திரும்பிப் பார்த்து, “இன்றைக்கு இல்லை” என்றார். ஏரி அந்த மேட்டுக்கு அந்தப் பக்கம். எங்களில் ஒருவர் சத்தம் போட்டார், காசு கட்டியிருக்கிறோம், லீவு போட்டு வந்திருக்கிறோம், இன்னும் அரை மணி நேரம்தானே என்று. வழிகாட்டி பதிலுக்கு எதுவும் சொல்லவில்லை, இறங்கத் தொடங்கினார். அவர் பேசியிருந்தால், சமாதானம் சொல்லியிருந்தால், நாங்கள் அவரைக் கரைத்திருப்போம். அன்று முழுக்க அவர் மேல் எனக்குக் கோபம். அந்தக் கோபத்தை யாரும் சம்பளத்தில் சேர்த்துக் கொடுப்பதில்லை. ஆனால் ஒரு வழிகாட்டியின் வேலையில் பாதி, அந்தக் கோபத்தைத் தாங்குவதுதான்.

சொன்ன சொல்லுக்கு நின்றவர்

விதியை மீறியதால் செத்தவர்களைப் பற்றி நிறையப் பேசுகிறோம். கட்டுப்பட்டதால் சாகக் கிடந்தவர் பெக் வெதர்ஸ். டெக்சாஸில் நோயியல் மருத்துவர். பார்வைக் குறைக்காகக் கண்ணில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். உயரம் ஏற ஏற அந்தக் கண் மங்கிவிட்டது. ஹால் அவரைப் பாதையோரம் நிறுத்தி, நான் திரும்பி வரும்வரை இங்கிருந்து நகர மாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டு போனார். மேலே இருக்கும்போது என் சொல்லை யாரும் மறுக்கக் கூடாது என்பது பயணம் தொடங்கும்போதே ஹால் போட்ட கட்டளை. வெதர்ஸ் நின்றார். காலையிலிருந்து மாலை வரை அதே இடத்தில், குளிரில், அரைக் குருடாக நின்றார். இறங்கி வந்தவர்கள் கூப்பிட்டார்கள். இல்லை, ராப் வருவார், காத்திருக்கிறேன் என்றார். ராப் வரவே இல்லை.

வெதர்ஸ் எப்படி இறந்தவராகக் கைவிடப்பட்டு, எழுந்து நடந்து முகாமுக்கு வந்தார், நேபாள ராணுவத்தின் மதன் கேசி எப்படி யாரும் துணியாத உயரத்துக்கு ஹெலிகாப்டரை ஓட்டிப் போய் அவரைத் தூக்கி வந்தார் என்பதெல்லாம் சினிமாவுக்கென்றே நடந்தது போலிருக்கும். படத்தில் அது பிரமாதமாக வரும். ஆனால் எனக்கு அந்த நிற்கும் நேரம் முக்கியம். முடிவெடுக்கும் உரிமையை ஒரே ஆளிடம் மொத்தமாகக் கொடுத்துவிட்டால், அந்த ஆள் தவறும்போது மற்றவர்களுக்கு யோசிக்கவே வழியில்லாமல் போகிறது. ஹட்சிசனும் மற்ற இருவரும் அந்தக் கட்டளையை உடைக்கவில்லை, ஹாலே போட்ட மணிக் கணக்கை ஹாலைவிட நம்பினார்கள்.

வடக்கு முகம்

கடைசியாக ஒன்று. இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. அன்றைக்கு இறந்த எட்டுப் பேரில் ஐந்து பேரைப் பற்றித்தான் உலகம் பேசிக்கொண்டிருக்கிறது. மீதி மூன்று பேர் மலையின் மறுபக்கம், திபெத் வழியாக ஏறியவர்கள். இந்திய-திபெத் எல்லைக் காவல் படையினர். செவாங் சமன்லா, தோர்ஜே மோரூப், செவாங் பல்ஜோர். மூவரும் லடாக்கியர்கள். வடக்கு வழியாக உச்சியைத் தொடும் முதல் இந்தியக் குழுவாக வேண்டும் என்பது அவர்களுடைய இலக்கு.

அங்கேயும் கதை அப்படியே நடந்தது. ஆறு பேர் ஏறினார்கள். நேரமும் வானிலையும் கைமீறிப் போவதைப் பார்த்து மூவர் திரும்பினார்கள். மூவர் மேலே போனார்கள். மாலை நான்கு மணி வாக்கில், உச்சியைத் தொட்டுவிட்டோம் என்று ரேடியோவில் கீழே சொன்னார்கள். உண்மையில் அவர்கள் நின்றது உச்சிக்குச் சற்றுக் கீழே என்று கிராக்கவர் போன்றவர்கள் வாதிடுகிறார்கள். அந்த வாதத்தில் எனக்கு அக்கறை இல்லை. இருட்டும் நேரத்தில், மேலே இரண்டு தலைவிளக்குகள் தெரிந்ததாகச் சொல்கிறார்கள். மறுநாள் அதே வழியில் ஏறிய ஜப்பானியக் குழு அவர்களைக் கடந்து உச்சிக்குப் போனது. உதவியிருக்க முடியுமா முடியாதா என்ற சண்டை வெகுகாலம் நடந்தது. அந்த வழியில் ஒரு பாறைக் குகையில் பச்சை நிறப் பூட்ஸோடு கிடந்த உடலை, ஏறுபவர்கள் வருஷக்கணக்கில் வழியடையாளமாகவே சொல்லி வந்தார்கள். அது பல்ஜோருடையது என்று பலரும் நம்புகிறார்கள், மோரூப் என்று சொல்பவர்களும் உண்டு. யாராக இருந்தாலும், அவருக்கு ஒரு பெயரும் ஒரு ஊரும் காத்திருந்த ஒரு வீடும் உண்டு. இந்தியப் பத்திரிகைகளில் எத்தனை பேர் அந்தப் பெயரைச் சொல்லி எழுதினோம்?

‘எவரெஸ்ட்’ படத்தின் நடிகர் பட்டியலை மேலிருந்து கீழ் வரை பார்த்தேன். யாசுகோ நம்பாவாக நவோகோ மோரி இருக்கிறார், மகிழ்ச்சி. சமன்லா, மோரூப், பல்ஜோர் என்று யாரும் இல்லை. தெற்குப் பக்கத்தின் கதையை மட்டும் எடுக்கிறார்கள், எல்லாவற்றையும் இரண்டு மணி நேரத்துக்குள் அடைக்க முடியாது, புரிகிறது. ஆனால் இரண்டு பக்கத்திலும், ஒருவரையொருவர் பார்க்காத இரண்டு கூட்டம், ஒரே நாளில் ஒரே முடிவை எடுத்தது என்பதைவிடப் பெரிய சாட்சி வேறென்ன வேண்டும்? ஒரு நிறுவன முதலாளியின் வியாபார ஆசைதான் காரணம் என்றால், காசு வாங்காத, சம்பளத்துக்குக் காவல் வேலை பார்த்த இந்த மூவர் ஏன் நான்கு மணிக்கு மேலே இருந்தார்கள்? புயல்தான் காரணம் என்றால், இரண்டு பக்கத்திலும் திரும்பியவர்கள் எப்படி உயிரோடு இறங்கினார்கள்? அக்கா மகனுக்கு நான் சொல்ல வேண்டியிருந்த பதில் இதுதான், கொஞ்சம் நீளமாகிவிட்டது.

செப்டம்பரில் படம் வந்ததும் முதல் வாரமே பார்த்துவிடுவேன். ஹெலிகாப்டர் காட்சிக்கும் தொலைபேசிக் காட்சிக்கும் எல்லாரும் விமர்சனம் எழுதுவார்கள். நான் மூன்றைக் குறித்துக்கொண்டு போகிறேன்: கயிறு கட்டாமல் வரிசை நின்ற நேரத்தைக் காட்டுகிறார்களா, அதிகாலையில் ஹான்சன் இறங்கப்போனதைக் காட்டுகிறார்களா, பதினொன்றரை மணிக்குத் திரும்பிய மூவருக்கு ஒரு காட்சியாவது கொடுத்திருக்கிறார்களா. பார்த்துவிட்டு மறுபடி எழுதுகிறேன். அதற்குள் சமன்லா, மோரூப், பல்ஜோர் பற்றித் தமிழிலோ வேறு மொழியிலோ நல்ல கட்டுரை ஏதாவது கண்ணில் பட்டால், யாராவது எனக்கு அனுப்பி வையுங்கள்.